ஏழாவது ஜோடி

— தள்ளுது அண்ணி! சத்தியமா தள்ளுது! ரெண்டு பக்கத்தையும் கிட்ட கொண்டு போனா, சண்டை போட்ட ஓரகத்திங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்குது!

— கத்தாதடி. உங்கண்ணன் உள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. குடு இப்படி. அட, ஆமா! காந்தம்னா ஒட்டணும்ல? இது என்ன கூத்து?

— ஆறு ஜோடியும் பாத்துட்டேன். ஒண்ணாவது ஒட்டித் தொலையும்னு பாத்தா, ஆறும் ஒத்துமையா கழுத்தறுக்குது.

— டப்பாவுல இருந்தப்ப இதுகளைப் பிரிக்கறதுக்குள்ள என் நகமே பேந்துச்சு. சட்டைக்குள்ள போனதும் என்ன கேடு வந்துச்சு?

— பட்டனுக்குப் பதிலா காந்தம்னு நீங்க சொன்னப்பவே எனக்கு பக்குன்னு இருந்துச்சு.

— இப்ப சொல்லு! நேத்து ‘அண்ணி, உங்களுக்கு மூளையோ மூளை’ன்னு கட்டிப் பிடிச்சவ யாரு? பொறு, பொறு. நான் தைச்சது வலது பக்கம், அடியில போற பட்டன் பட்டி. நீ தைச்சது இடது பக்கம், மேல வர்ற பட்டி. சரியா? எல்லாக் காந்தத்துக்கும் ஒரே பக்கமா நெயில் பாலிஷ்ல சிவப்புப் பொட்டு வச்சுக் குடுத்தேன்ல, அந்தப் பொட்டை எந்தப் பக்கம் பாக்க வச்சே?

— உள்பக்கம்.

— உள்பக்கமா! நான் வெளிப்பக்கமால்ல வச்சிருக்கேன்? ரெண்டு பட்டியிலயும் பொட்டு வெளியதாண்டி பாக்கணும். அப்பதான் ஒண்ணோட முதுகு இன்னொண்ணோட மூஞ்சியில ஒட்டும். தையல் சொல்லித் தர்ற வீடியோவுல அந்தப் பொண்ணு மூணு தடவை சொல்லுச்சு.

— நான் எங்க வீடியோ பாத்தேன்? ஜோடின்னா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டுதானே நிக்கணும்னு வச்சுட்டேன்.

— காந்தத்துக்குக் கல்யாண போட்டோவா எடுக்கறோம்!

— ஏய் வாயாடி! அங்க என்ன ரகளை? சட்டை ஸ்டாண்டை விட்டுக் கிளம்புச்சா இல்லையா?

— அண்ணே, நீ உள்ளயே இரு! இப்பதான் இன்ஜின் சூடாகுது!

— எட்டேகால் ஆச்சு. ஒம்பது அம்பது பஸ்ஸை விட்டா அடுத்தது பதினொண்ணுக்கு. சொல்லிட்டேன்.

— தெரியுங்க! நீங்க போய் ஷேவ் பண்ணுங்க. இடது கையில பண்றீங்க, நிதானமா. கதவைச் சாத்துங்க முதல்ல.

— சாத்தியாச்சு அண்ணி. பாருங்க, காலையிலேருந்து இது நாலாவது தடவை எட்டிப் பாக்குது. உள்ளுக்குள்ள ஆசை பொங்குது அண்ணனுக்கு. வெளிய காட்டிக்கத்தான் மாட்டேங்குது.

— அந்த ஆசையில மண்ணைப் போட்டுட்டு உக்காந்திருக்கோமே! பத்தரைக்குள்ள டெப்போவுக்குப் போய்க் கையெழுத்துப் போடலைன்னா வேலையை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்களாம். லெட்டர்ல அச்சடிச்சு வந்திருக்கு.

— வலது இடது மாத்திப் போட்டா ஒட்டாதா? அடிப்பட்டி மேல வந்து, மேல்பட்டி அடியில போயி...

— போட்டுப் பாரு.

— ம்ஹூம். அப்பவும் தள்ளுது.

— இப்ப முதுகும் முதுகும் பாத்துக்குது, அதான். தவிர அது பொம்பளைங்க சட்டை மாதிரி ஆயிரும். அதைப் போட்டுக்கிட்டு அவரு படி இறங்குவாருன்னா நினைக்கிற?

— அப்ப பிரிக்க வேண்டியதுதான். ஆளுக்கொரு ஊசி எடுங்க. காந்தத்தைச் சுத்தி நாலு பக்கமும் தையல் போட்டிருக்கோம்ல, அதுல ஒரு பக்கத்தை மட்டும் பிரிச்சு, காந்தத்தை வெளிய எடுத்து, புரட்டி உள்ள தள்ளி, மறுபடி மூடிரலாம். எங்க கம்பெனியில ஒரு லாட்டு சட்டைக்குப் பாக்கெட்டைத் தலைகீழா வச்சுட்டாங்க. எண்ணூறு சட்டை. எல்லாம் ஒரே நாள்ல பிரிச்சோம்.

— நீ பிரிச்சியா?

— நான் காலர் அண்ணி. பக்கத்துல நின்னு பாத்தேன்.

— அதானே பாத்தேன். பதினோரு வருஷமா சட்டை கம்பெனிக்குப் போறே, காலரைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்கிறே.

— லைன்ல அப்படித்தான்! ஒருத்திக்குக் கை, ஒருத்திக்குப் பாக்கெட்டு, எனக்குக் காலர். ஒரு நாளைக்கு நாநூறு காலர் தைப்பேன். முழுச் சட்டையா நான் பாத்தது அண்ணன் மேல மட்டும்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், தலகாணி உறையும் ஜன்னல் ஸ்கிரீனும் மட்டுமே தைச்சுக்கிட்டிருந்தவங்க, இந்தச் சட்டைக் கையை எவ்வளவு அழகா ஏத்தியிருக்கீங்க! ஒரு சுருக்கம் இல்ல.

— ஐஸ் வைக்காத, பிரி. துணியை அலசிக் காய வச்சு அப்புறம் வெட்டினேன், தையலுக்கு அரை இஞ்ச் விட்டேன், ஒவ்வொரு தையல் முடிஞ்சதும் இஸ்திரி போட்டேன். வேற ஒரு மந்திரமும் இல்ல. அந்த வீடியோ பொண்ணு சொன்னதை அப்படியே கேட்டேன், அவ்வளவுதான். மிஷின்லதான் உயிர் போச்சு. காந்தம் போய், துணியை அமுக்கற அந்த இரும்புக் காலைக் கவ்விக்கிச்சு, ரெண்டு ஊசி ஒடிஞ்சு மூஞ்சிக்கு நேரா பறந்துச்சு.

— அப்புறம்?

— ஜிப்பு தைக்கறதுக்குன்னு ஒத்தைக் கால் ஒண்ணு மிஷினோட குடுத்திருந்தாங்க. மூணு வருஷமா கவரைப் பிரிக்காம கெடந்துச்சு. அதை மாட்டினேன். காந்தத்தை ஒட்டி, ஆனா மேல ஏறாம, பூனை மாதிரி நடந்துச்சு. அன்னைக்கு நான் குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க.

— அண்ணி, இப்பக் கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு என்னதான் நடந்துச்சு? அண்ணன்கிட்டக் கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது.

— என்னைக்கு?

— சட்டையை விட்டுட்டுப் பனியனுக்கு மாறின அன்னைக்கு.

— கையைப் பாத்துக்க, குத்திக்காத. அடிபட்ட வலது கைக்குக் கட்டுப் பிரிச்சு ரெண்டு வாரம் இருக்கும். விரல் அஞ்சும் இருக்கு, ஒண்ணும் சொன்ன பேச்சுக் கேக்கல. சட்டைப் பட்டன் நான்தான் போட்டு விடுவேன். அவரும் சிரிச்சுக்கிட்டே நிப்பாரு, ஏதாவது கதை சொல்லுவாரு. அன்னைக்கு உங்க சித்தப்பாவைப் பாக்கப் போகணும்னு அவசரம். ரெண்டு பட்டன் போடாமயே வாசலுக்கு வந்துட்டாரு. நானும் வாசல்ல வச்சே போட்டு விட்டேன். மாடிக்காரர் படியில இறங்கி வந்தாரு. ‘என்ன சார், பாப்பாவுக்கு அம்மா சட்டை போட்டு விடறாங்களா?’ன்னாரு.

— அவன் வாயில தையல் போட!

— தமாஷுக்குச் சொன்னாருடி. உங்கண்ணனும் சிரிச்சாரு. அப்படியே உள்ள வந்து, சட்டையைக் கழட்டி வீசிட்டு, ‘இனிமே என் சட்டையில உன் கை படக் கூடாது’ன்னாரு. சரின்னேன். எட்டு மாசம் ஆச்சு. பனியன், வீடு, ஜன்னல். இருபது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் வாசப்படி தாண்டல. டெப்போவுல நேரம் அறிவிக்கிற வேலை வந்திருக்கு, மைக்ல பேசினா போதும், உங்க குரலுக்கு மைக்கே வேணாமேன்னு கெஞ்சினேன். ‘சட்டை போடத் தெரியாதவனுக்கு என்ன வேலை’ன்னுட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணினேன். சட்டைதானே? நான் தைக்கிறேன்டா உனக்குன்னு.

— அண்ணனை ‘டா’ போட்டீங்களா!

— மனசுக்குள்ள போட்டேன். எத்தனை ஆச்சு உனக்கு?

— மூணு முடிச்சுட்டேன் அண்ணி. சூப்பர்வைசர் மட்டும் இப்ப பாக்கணும் என்னை! உங்களுக்கு?

— ரெண்டு. ஏய்... நீ எந்தப் பட்டியில பிரிச்சுக்கிட்டிருக்கே?

— என் பட்டியில. இடது பக்கம்.

— அடி பாவி, நான் வலது பக்கத்துலல்ல பிரிச்சுக்கிட்டிருக்கேன்! ரெண்டு பக்கமும் புரட்டினா மறுபடி தள்ளுமேடி! ஒரு பக்கம்தான் புரட்டணும்!

— ஐயையோ! மணி எட்டு நாப்பது! போச்சா? அத்தனையும் போச்சா?

— இரு, இரு. பதறாத. நீ எங்கேருந்து ஆரம்பிச்சே?

— கீழேருந்து. ஆறு, அஞ்சு, நாலு.

— நான் மேலேருந்து. ஒண்ணு, ரெண்டு. அப்போ... ஒரு ஜோடியில ஒண்ணுதான் புரண்டிருக்கு! சேத்துப் பாரு, சேத்துப் பாரு!

— டக்! அண்ணி! டக்குன்னு ஒட்டிருச்சு! இதோ அஞ்சாவது. டக்! நாலாவது டக்! மேலயும் டக், டக்! தப்பும் தப்பும் சேந்து சரியாயிருச்சு!

— எந்தப் புண்ணியவான் செஞ்ச புண்ணியமோ. மூணாவது ஒண்ணுதான் பாக்கி. அதைப் புரட்டிட்டா முடிஞ்சுது.

— புரட்டிட்டேனே.

— எது?

— மூணாவது. நீங்க எண்ணிக்கிட்டு இருந்தப்பவே புரட்டிட்டேன்.

— அதைத்தான் நானும் இப்ப புரட்டினேன்!

— அதான் அது மட்டும் முறைச்சுக்கிட்டு நிக்குது!

— சிரிக்காதடி, எனக்கும் சிரிப்பு வருது. நீ தொடாத. உன் ரெண்டு கையையும் தூக்கு. தூக்கிட்டியா? நான் மட்டும் புரட்டறேன். ம்... டக்!

— டக்! ஆறும் டக்!

— என்னம்மா அங்க டக்கு டக்குன்னு? டிக்கெட் கிழிக்கிறீங்களா?

— உங்களுக்குத்தாங்க சீட்டுப் போட்டுக்கிட்டிருக்கோம்! முன் சீட்டு! ஷேவிங் ஆச்சா?

— ஆச்சு. ரெண்டு இடத்துல ரத்தம். ஆள் பிழைச்சுக்கும்.

— சரி, நீங்க அந்தப் பேன்ட்டைப் போடுங்க. ஏய், பிரிச்ச வாயெல்லாம் கையால மூடிரலாம். சின்னச் சின்னத் தையலா, துணியோட நிறத்துலயே நூலு எடு. மூடினதும் இடது பக்கத்துல சும்மா ஒப்புக்கு ஆறு பட்டன் தைக்கணும், துளை போட்டுக் காஜா எடுக்க வேண்டாம். பாக்கறவங்களுக்குப் பட்டன் சட்டையா தெரியணும். உள்ள காந்தம் இருக்கறது நமக்குத் தெரிஞ்சா போதும்.

— அதுக்குள்ள காலரை முடிச்சிர்றேன். காலர் என் ஏரியா, யாரும் கிட்ட வரக் கூடாது! பாருங்க இந்த முனையை. கத்திரிக்கோல் மாதிரி கூர்மையா நிக்குதா? ரகசியம் சொல்லட்டுமா? மூலைக்கு வந்ததும் நேரா திரும்பக் கூடாது. குறுக்க ஒரே ஒரு தையல் போட்டுத் திரும்பணும். அப்புறம் மூலைத் துணியை நறுக்கிட்டுப் புரட்டினா, முனை தானா வெளிய வந்து நிக்கும். கத்திரியை உள்ள விட்டுக் குத்தறவங்க காலரை நான் ரோட்டுல பாத்தாலே கண்டுபிடிச்சிருவேன்.

— மெச்சினேன். கழுத்துக் காந்தத்தை வச்சு மூடு. கழுத்துப் பட்டன் போட்டிருக்கணும்னு லெட்டர்ல தனியா கோடு போட்டிருக்கான். திறந்த கழுத்தோட வந்தா ஆபீஸ் உள்ள விட மாட்டாங்களாம்.

— குடுங்க அந்த ஏழாவது ஜோடியை.

— உங்கிட்டதானே டப்பா இருக்கு?

— டப்பா காலி அண்ணி.

— என்ன விளையாடறியா? ஏழு ஜோடி எண்ணி வாங்கினேன். ஆறு சட்டையில. ஒண்ணு டப்பாவுல. நேத்து சாயங்காலம் நான் கண்ணால பாத்தேன்.

— சத்தியமா இல்ல. நேத்து நான் போறப்ப டப்பாவை இந்த மேஜையில மூடி வச்சுட்டுப் போனேன். நீங்க எடுத்தீங்களா?

— நான் ஏண்டி எடுக்கறேன்? மிஷினுக்கு அடியில பாரு. காந்தம் எங்க இருந்தாலும் இரும்பைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கும்.

— மிஷின் அடியில நாலு குண்டூசி, ஒரு பாபின். காந்தம் இல்ல.

— பீரோ கதவு? கட்டில் கால்? கத்திரிக்கோல்?

— கத்திரியில இல்ல. பீரோவுல இல்ல. ஃபிரிட்ஜுல டேப் போட்டு ஒட்டின கரண்ட் பில்லு மட்டும் தொங்குது. ஜன்னல் கம்பியெல்லாம் தடவிப் பாத்துட்டேன். அண்ணி, இஸ்திரிப் பெட்டி அடியில?

— அலுமினியத்துல எப்படிடி ஒட்டும்? துணி மூட்டையை உதறு. தலகாணி உறையெல்லாம் உதறு. கடவுளே, ஒம்பது இருபது!

— அண்ணி, கதவைத் தட்டி அண்ணனைக் கேட்டுப் பாக்கலாமா?

— வேணாம்! ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சா, ‘அப்ப நான் போகலை’ன்னு பனியனை மாட்டிக்கிட்டு உக்காந்துருவாரு. அவருக்கு ஒரு சாக்கு கிடைச்சா போதும்.

— ஒட்டற பட்டை இருக்கா? கரகரன்னு பிரியுமே, பிள்ளைங்க ஷூவுல வர்றது?

— இல்ல.

— கொக்கி?

— ஒத்தைக் கையால கழுத்துக் கொக்கியை யாரு மாட்டுவா? ரெண்டு கை இருக்கற எனக்கே வராது.

— அப்ப நிஜப் பட்டனைத் தைச்சு காஜா எடுத்திர்றேன் அண்ணி. வேற வழி இல்ல. திறந்து கெடக்கறதுக்கு அது தேவலை. டெப்போவுல யாராவது...

— யாராவது போட்டு விடணும். அதாவது ஊருக்கு முன்னாடி கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கணும். அதுக்குத்தானா நான் பதினஞ்சு நாள் இடுப்பு ஒடியத் தைச்சேன்? ஏழுல ஆறு ஜெயிச்சு, ஒண்ணுல கவுந்துட்டேனே!

— அழாதீங்க அண்ணி. துணியில சொட்டுனா கறை படியும்.

— அழலை. தை நீ. காஜாவைக் கொஞ்சம் பெருசா எடு.

— எடுத்துட்டேன். சுத்தி நெருக்கமாவும் போட்டுட்டேன். முடிஞ்சுது. ஒப்புக்குப் பட்டன் ஆறும் தைச்சாச்சா?

— ஆச்சு. தூக்கிப் பிடி, பாக்கலாம். குண்டூசி எதுவும் ஒட்டிக்கிட்டு இருக்கா பாரு, போட்டதும் குத்திரும்.

— மூணு இருந்துச்சு, எடுத்துட்டேன். அம்மாடி! அண்ணி, இது கடையில வாங்குனதுன்னா நானே நம்புவேன். வெளிர் நீலம், நேர்த் தையல், என் காலர்!

— ஏங்க! கதவை லேசா திறந்து கையை நீட்டுங்க. சட்டை.

— இவ்வளவு கனமா இருக்கு?

— காந்தம் இருக்குல்ல. முதல்ல வலது கையை நுழைங்க, அப்புறம் இடது. பட்டியை ஒண்ணு மேல ஒண்ணு வச்சா போதும், மத்ததை அதுவே பாத்துக்கும். நாங்க யாரும் உள்ள வர மாட்டோம்.

— சரி.

— என்ன அண்ணி, சத்தமே காணோம்? ஒரு நிமிஷம் ஆச்சு. கை மாட்டிக்கிச்சோ?

— உஷ். வாயை மூடு. கேளு.

— டக்!

— ரகசியமாச் சொல்லுடி!

— ரெண்டு... மூணு! அண்ணி, மூணாவது ஒட்டிருச்சு! நாலு. அஞ்சு. கையை விடுங்க அண்ணி, எலும்பு நொறுங்குது. ஆறு! ஆறு அண்ணி, ஆறு!

— ஆறு. அவரே போட்டாருடி. அவரே...

— அண்ணே! கதவைத் திற! எங்க உயிரை வாங்காம வெளிய வா! ஐயோ, பாருங்க அண்ணி, பழைய டிரைவர் வந்து நிக்கறாரு! திரும்பு, திரும்பு. தோள் கச்சிதம். கை நீளம் கச்சிதம். அழுகையா வருது எனக்கு.

— கொஞ்சம் மூச்சு விடு, வாயாடி. பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருக்கு.

— அண்ணே, ஒண்ணே ஒண்ணு மட்டும்... கழுத்துல நிஜப் பட்டன் வச்சிருக்கோம். காந்தம் ஒரு ஜோடி எங்கயோ விழுந்துருச்சு, வீடு பூரா தேடியாச்சு. நாளைக்கே வேற வாங்கி மாத்திர்றோம். இன்னைக்கு மட்டும் நான் போட்டு விடட்டுமா? நான் உன் தங்கச்சிதானே, எனக்குச் சட்டமெல்லாம் கிடையாதுல்ல?

— வேணாம்.

— அப்ப திறந்தே போங்க. கேட்டுல யாராவது கேட்டா, கழுத்து இறுக்குதுன்னு சொல்லுங்க. நான் தொட மாட்டேன், சொன்ன வாக்கை மீற மாட்டேன். ஆனா போகாம மட்டும் இருக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், ஒரு பட்டனுக்காகத் திரும்பி உள்ள போயிராதீங்க.

— யாரு உள்ள போறா? அந்த ஜோடியை நேத்து சாயங்காலம் டப்பாவுலேருந்து எடுத்து ஒளிச்சு வச்சதே நான்தான், கழுத்துப் பட்டன் நீதான் போட்டு விடணும். இங்க வேணாம், வாசலுக்கு வா.